தைக்குள் முடி வளர்ந்துவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஆறு வருடமாக மும்பையில், சயான் கோலிவாடாவில் மாமா வீட்டில் தங்கி, குர்லாவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். 22 வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. இப்போது இரண்டு பக்கமும் நெற்றி ஏறிவிட்டது, உச்சியிலும் தோல் தெரிகிறது. பம்பாய்த் தண்ணீர்தான் காரணம் என்கிறார் அம்மா. அப்பாவுக்கு 40 வயதிலேயே காதோரம் மட்டும்தான் முடி. வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தேரியில் ஒரு கிளினிக்கில் முடி நடுவதைப் பற்றி விசாரித்தேன். ஒரே நாளில் 4,500 கிராஃப்ட் (பிடரியிலிருந்து வேரோடு எடுக்கும் முடிக் கொத்து) வைத்துத் தலை முழுக்க மூடிவிடலாம், 80,000 ரூபாய், தவணையில் கட்டலாம், இந்த மாதக் கடைசி வரைதான் இந்த விலை என்றார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வருகிற ஆவணியில் செய்துகொண்டால் தைக்குள் முடி வளர்ந்துவிடுமா? கல்யாணம் முடிந்ததும் குலதெய்வம் கோயிலில் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். நட்ட முடியை மழிக்கலாமா?
– பெயர் வேண்டாம், சயான் கோலிவாடா

பதில்: தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தைக்குள் வளராது. இந்த வயதில், அந்த இடத்தில், இப்போது செய்துகொள்ள வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லி நிறுத்தினால் நீங்கள் மாதக் கடைசியில் போய்ப் படுத்துவிடுவீர்கள். அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

முதலில் தேதிக் கணக்கு. ஆவணி முதல் வாரத்தில் முடி நட்டதாக வைத்துக்கொள்வோம். பத்து நாள் தலையில் பொருக்கு இருக்கும். அது உதிர்ந்த பிறகு, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை, நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், முடி மட்டும் விழும், எல்லோருக்கும் நடப்பதுதான். நட்ட இடத்தைச் சுற்றி ஏற்கெனவே இருந்த மெல்லிய முடியும் அந்த அதிர்ச்சியில் சேர்ந்து கொட்டலாம். ஐப்பசியில் கண்ணாடியைப் பார்த்தால் சிகிச்சைக்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஊசி முனை மாதிரி முளைக்கத் தொடங்கும். தையில் பாதி வளர்ச்சி இருந்தாலே நல்ல விஷயம். முழுப் பலன் தெரிய அடுத்த ஆவணி ஆகிவிடும். இதை உங்களிடம் சொல்லாமல் "தைக்கு ரெடி" என்று ஒருவர் பணம் வாங்கியிருந்தால், அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

போட்டோவைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னது உங்களை எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மாட்டுங்காவில் 22 வருடமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். முடிக்காக வரும் இளைஞர்களில் பாதிப் பேர் கதவு சாத்தும் வரை பேசமாட்டார்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே வெட்கமாகிவிட்டிருக்கும். இது பிரச்சினைதான். கவலைப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கவலையோடு உட்கார்ந்திருக்கும்போது அவசர முடிவு எடுக்கவேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அம்மாவிடம் தண்ணீரை விட்டுவிடச் சொல்லுங்கள். மும்பைக் குழாயில் வருவது பாட்சா, தான்சா, வைதர்ணா பக்கத்து ஏரித் தண்ணீர். டேங்கரில் வரும் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முடி வறண்டு சிக்கு விழும், நுனி உடையும். வேரை அது ஒன்றும் செய்யாது. தண்ணீர்தான் காரணம் என்றால் தலை முழுக்கப் படும் தண்ணீர் நெற்றியோரத்தையும் உச்சியையும் மட்டும் தேர்ந்தெடுத்துக் கொட்ட வைக்காது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1942-லேயே இதைக் காட்டிவிட்டார்: பருவ வயதுக்கு முன் ஆண் ஹார்மோன் நின்றுபோனவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டி.ஹெச்.டி. என்ற பொருள், பரம்பரையாக அதற்கு இளகிக் கொடுக்கும் வேர்களை வருடா வருடம் சிறிதாக்குகிறது. முடி ஒரே நாளில் காணாமல் போவதில்லை. கம்பி மாதிரி இருந்தது நூலாகி, நூல் பூனை முடியாகி, அப்புறம்தான் மறைகிறது. இந்தப் பரம்பரை அம்மா வழித் தாத்தாவிடமிருந்து மட்டும் வரும் என்பதும் சரியில்லை, இரண்டு பக்கமிருந்தும் வரும்.

முடி நடுதல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நான் தயங்குவது ஏன் என்று புரியும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் ஒன்றை எழுதினார். பிடரியிலிருந்து எடுத்த முடியை வழுக்கை இடத்தில் நட்டால், அது பிடரி முடியின் குணத்தோடேயே வளர்கிறது. இடம் மாறினாலும் குணம் மாறுவதில்லை. இன்று வரை இந்தச் சிகிச்சை நிற்பது அந்த ஒரு உண்மையின் மேல்தான். ஆனால் நட்டது நிலைக்குமே தவிர, நடாத இடத்தில் கொட்டுவதை அது நிறுத்தாது. அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும்.

இன்னொன்று, பிடரியில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அறுவை அறையில் அந்த கிராஃப்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கு விளங்கும். குளிர்ந்த உப்புநீரில் ஒரு தட்டு நிறைய மிதக்கும். ஒவ்வொன்றும் ஒரு சீரகம் அளவுதான், கீழே வெள்ளை வேர், மேலே ஒன்றோ இரண்டோ மூன்றோ முடி. இடுக்கி கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் வேர் நசுங்கிவிடும், காற்றில் காய்ந்தாலும் செத்துவிடும். செத்தது செத்ததுதான், உங்கள் தலையில் அதற்குப் பதில் இன்னொன்று கிடையாது. நல்ல அடர்த்தி உள்ள பிடரியிலிருந்தே வாழ்நாள் முழுக்க 5,000, 6,000 கிராஃப்டுக்கு மேல் எடுப்பது கடினம்.

நீங்கள் கணக்கு வேலை பார்ப்பவர், இதையும் போட்டுப் பாருங்கள். அப்பா மாதிரி காதோரம் மட்டும் மிஞ்சும் அளவுக்குப் போனால் வெறுமையாகும் இடம் ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். பார்க்கச் சுமாராக மூடியிருக்கவே சதுர சென்டிமீட்டருக்கு 35 கிராஃப்ட் வேண்டும். மொத்தம் 7,000. கையிருப்பு 6,000-ஐத் தாண்டாது. இந்த நிலையில் 27 வயதில், இன்னும் எவ்வளவு கொட்டும் என்று தெரியாதபோது, ஒரே நாளில் 4,500-ஐச் செலவழித்தால் 40 வயதில் எதை வைத்துச் சமாளிப்பீர்கள்?

செம்பூரிலிருந்து 36 வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். தொப்பியை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 23 வயதில் வேறொரு இடத்தில் நட்டிருந்தார்கள். நெற்றியில் கல்லூரிப் பையனுக்கு இருப்பது போலத் தாழ்வாக, நூல் பிடித்தது மாதிரி ஒரு கோடு. வரப்பு பசுமையாக இருக்கிறது, அதற்குப் பின்னால் வயல் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. சீப்பின் வாலால் பிடரி முடியை விலக்கிப் பார்த்தேன். பூச்சி அரித்த துணி போலப் பொட்டுப் பொட்டாக இருந்தது. அளவுக்கு மீறி எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னால் நட முடியைத் தேடினால் எடுக்க இடமில்லை. முன்னால் நட்டதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக் கோட்டைச் சிதறடித்து, மீதிக்கு இயற்கையான தோற்றம் கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் அப்போது என்னிடம் கேட்டது, "23 வயதில் யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, மேடம்?" என்பதுதான். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரே நாளில் 4,500 என்பதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போடுவார்கள். அட்ரினலின் கலந்தது என்றாலும் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் எல்லை. 65 கிலோ ஆளுக்குச் சுமார் 450 மில்லிகிராம்; 2 சதவீத மருந்தாக அளந்தால் 22, 23 மில்லி, அவ்வளவுதான். பத்து மணி நேரம் நீளும் வேலையில், வலிக்கிறது என்று சொல்லச் சொல்ல மேலும் மேலும் ஊசி போட்டு, யாரும் கணக்கு வைக்காவிட்டால் இந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும். உதடு மரத்துப்போவது, காதில் ரீங்காரம், அப்புறம் வலிப்பு, இதயத் துடிப்பு தவறுவது என்று போகும். மருந்து ஒவ்வாமை, கிருமித் தொற்று இவை தனி. 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர், 2019-இல் நம் மும்பையில் ஒரு தொழிலதிபர், 2021-இல் டெல்லியில் ஓர் இளைஞர் என்று முடி நட்ட பிறகு இறந்தவர்களின் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கான்பூரில் பொறியாளர்கள் இருவர் இறந்த செய்தி 2025-இல் வந்தது. முறையாகச் செய்தால் இது பாதுகாப்பான சிகிச்சைதான், நானே செய்பவள். ஆனால் இது அறுவை சிகிச்சை. சலூன் வேலையைப் போல யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யக்கூடியது இல்லை.

டெல்லி மரணத்துக்குப் பிறகு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அறுவைப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் செய்ய வேண்டும். பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டது போதாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தேரியில் உங்களிடம் பேசியவர் டாக்டர் என்று ஓர் இடத்திலும் இல்லை. தலையைத் தொட்டுப் பார்த்ததாகவும் இல்லை. பிடரியை லென்ஸ் வைத்துப் பார்க்காமல், அப்பாவைப் பற்றிக் கேட்காமல், 4,500 என்ற எண் எங்கிருந்து வந்தது? இனி எங்கே போனாலும், கத்தியைப் பிடிக்கப் போகும் டாக்டரை முன்கூட்டியே சந்தியுங்கள். அவருடைய பதிவு எண்ணை வாங்கி மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள். ஓட்டை போடுவது யார், எடுப்பது யார், நடுநடுவே அவர் வேறு அறைக்குப் போய்விடுவாரா, மயக்கம் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம்தான் தலையைக் கொடுக்கலாம். கிராஃப்ட் கணக்கையும் கேளுங்கள். சில இடங்களில் முடியை எண்ணி கிராஃப்ட் என்று பில் போடுகிறார்கள், இரண்டு முடி உள்ள ஒன்றை இரண்டாகப் பிளந்தும் எண்ணுகிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே தோல் பிரிவு ஓ.பி.டி.யில் செலவில்லாத மாதிரி காட்டிவிடலாம், நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள். பயோட்டின் மாத்திரையோ மிட்டாயோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லி, சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். தைராய்டு முடிவை அது தவறாகக் காட்டும். கடந்த சில மாதங்களில் டெங்கு, டைபாய்டு போலக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு, அது தானாகவே திரும்பி வரும்.

மருந்து என்றால் உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று மினாக்ஸிடில் 5 சதவீத லோஷன். ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்குக் கொண்டுவந்தார்கள். காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி, முடி மேல் படாமல் தோலில் படும்படி, உலர்ந்த தலையில் தடவ வேண்டும். மழைக்காலத்தில் நனைந்துகொண்டே லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, ஈரத் தலையில் தடவிப் பிரயோஜனமில்லை, துவட்டிக் காயவிடுங்கள். முதல் இரண்டு மாதத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதற்கான அடையாளம் அது. பத்தில் நாலு பேர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஆறு மாதம் கழியாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இன்னொன்று ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம் மாத்திரை. அமெரிக்காவில் 1997-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. டி.ஹெச்.டி. உண்டாவதைக் குறைக்கும். பெரும்பாலோருக்குக் கொட்டுவது அடங்கும், உச்சியில் ஓரளவு திரும்பவும் வளரும். நெற்றி மூலைகளில் அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது. நூற்றில் ஓரிருவருக்கு ஆசை குறைவது, விறைப்புத் தளர்வது போன்றவை வரலாம். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும், சிலர் நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மனச்சோர்வு வருவதாகத் தோன்றினாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகப்போகிறவர் என்பதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன். கடையில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம். பின்னாளில் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக் கூடாது. இரண்டு மருந்துமே நிறுத்தினால், காத்த முடியும் சில மாதங்களில் போய்விடும். பிற்பாடு முடி நட்டாலும் மருந்து தொடரத்தான் வேண்டும், அந்தேரியில் இதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள்.

ஒரு வருடம் இப்படிப் போகட்டும். கொட்டுவது நின்று, பிடரி முடி கனமாக இருக்கிறது என்று லென்ஸில் தெரிந்தால், 30 வயதை ஒட்டி, முன்பக்கத்துக்கு மட்டும் 1,500 முதல் 2,000 கிராஃப்ட் வைத்து, வயதுக்கேற்ற உயரத்தில் ஒரு நெற்றிக்கோடு அமைக்கலாம். அப்போது நானே "செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடும். உச்சியை அப்போதும் தொடமாட்டேன். அது வட்டமாக விரிந்துகொண்டே போகும் இடம், எவ்வளவு போட்டாலும் விழுங்கிவிடும். பிடரி முடியும் மெலிந்துகொண்டிருந்தால் நடுவதையே மறந்துவிட வேண்டியதுதான்.

மொட்டைக்கு வருகிறேன். நட்ட முடி நன்றாக வேர் பிடித்து ஒரு வருடம் ஆன பிறகு தாராளமாக மழிக்கலாம், திரும்ப வளரும். ஆனால் மொட்டை போட்டால் தழும்பு தெரியும். பிடரித் தோலை நாடாவாக வெட்டி எடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் காதிலிருந்து காது வரை ஒரு கோடு விழும். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் எஃப்.யூ.இ. முறையில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புள்ளிகள். குலதெய்வத்துக்கு முடி கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பம் என்றால் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், முறையைத் தேர்ந்தெடுப்பதே மாறும். இப்போது நீங்கள் எதுவும் நடப்போவதில்லை என்றால் அம்மாவின் நேர்த்திக்கடனை நிம்மதியாக நிறைவேற்றுங்கள். சவரக் கத்திக் கீறல் ஆறும் வரை ஒரு வாரம் லோஷனை நிறுத்தினால் போதும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், வேரின் எண்ணிக்கை மாறாது.

பெண் பார்க்கும் விஷயத்தில் ஓர் அக்காவாகச் சொல்கிறேன். இப்போதைய முகத்தோடு, முடியை ஒட்ட வெட்டி, நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பக்கத்து முடியை இழுத்து நெற்றியை மறைத்து எடுத்ததைவிட அது எப்போதும் நன்றாக இருக்கும். கல்யாண நாளில் வேண்டுமானால் உச்சியில் தூவும் ஹேர் ஃபைபர் பவுடர் போட்டுக்கொள்ளலாம், தலை குளித்தால் போய்விடும். பேட்ச் எனும் ஒட்டுமுடியை ஒட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகாதீர்கள். முதல் இரவில் அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும் விஷயமாக அது இருக்கக் கூடாது. பேசும்போது நீங்களே சொல்லிவிடுங்கள், அப்பாவுக்கும் இப்படித்தான், எனக்கும் ஆகும், மருந்து எடுக்கிறேன் என்று.

முன்பணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 5,000 ரூபாயோடு போகட்டும். அதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் 75,000 ரூபாய்க்குத் தவணை எழுதிக் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே வீட்டில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, எண்ணெய் இல்லாத உலர்ந்த தலையை முன்னால், உச்சி, இரண்டு பக்கம், பிடரி என்று மாமாவை விட்டு ஐந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுங்கள். கண்ணாடியை நம்பி மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் போகும்போது அப்பாவின் கல்யாண போட்டோ ஒன்றையும் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வயதில் அவருக்கு எவ்வளவு முடி இருந்தது என்பதைப் பார்த்தால்தான் உங்களுக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்று ஓரளவு கணிக்க முடியும்.